தலைமைப் பயிற்சியும் தொழு உரமும்: ஜப்பானின் ஆசிய ஊரக நிறுவனம், ஒரு நிகழ்வு ஆய்வு

அடித்தள மக்களிடையே வேலை செய்யும் களப்பணியாளர்களுக்கென்று உலக அளவில் நடத்தப்படும் தலைமைப் பயிற்சி நல்கைகள் (ஃபெலோஷிப்) பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் செல்கின்றன. தேர்ந்தெடுத்தவரை அவர் வேலை செய்யும் ஊரிலேயே விட்டுவிட்டு, சில ஆண்டுகளுக்கு அவருடைய வாழ்க்கைச் செலவைத் தாங்கி, அவருடைய திட்டம் வேர்பிடிக்க அவகாசம் தருவது ஒரு வழி. 1980-இல் பில் டிரேட்டன் தொடங்கி, தன் முதல் நல்கையாளர்களை இந்தியாவில் தேர்ந்தெடுத்த அசோகா அமைப்பு இந்த வழியைச் சேர்ந்தது. அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி மேற்பட்டம் பெறவைப்பது மற்றொரு வழி. ஃபோர்டு அறக்கட்டளை 2001 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் 22 நாடுகளில் நடத்திய பன்னாட்டு நல்கைத் திட்டம் இதற்குச் சான்று. முதல் வழியில் பணமும், இரண்டாம் வழியில் பட்டமும் கைக்கு வருகின்றன.

இந்த இரண்டிலும் அடங்காத ஒரு பயிற்சி, ஜப்பானின் டோச்சிகி மாகாணத்தில் 1973-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. ஜப்பானிய மொழியில் ‘அஜியா காகுயின்’ என்று அழைக்கப்படும் ஆசிய ஊரக நிறுவனத்துக்கு, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் முதலான பகுதிகளின் கிராமங்களில் வேலை செய்யும் 25 முதல் 30 பேர் வரை ஆண்டுதோறும் வந்து, ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதங்கள் தங்குகிறார்கள். அவர்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைப்பதில்லை. தொழில் தொடங்க முதலீடும் கிடைப்பதில்லை. பன்றிக்குத் தீவனம் வைக்கிறார்கள், நெல் நடுகிறார்கள், தவிட்டைக் கிளறி உரம் ஆக்குகிறார்கள், முறைவைத்துச் சமைக்கிறார்கள், முறைவைத்துத் தலைவராக இருக்கிறார்கள். இதைத் தலைமைப் பயிற்சி என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வந்தது, அந்தச் சொல்லுக்கு இந்தப் பயிற்சி தகுதியானதா, எந்த இடத்தில் அது தடுமாறுகிறது என்பவற்றை ஆராய்வது இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு புயலிலிருந்து

நிறுவனத்தின் வேர் 1973-க்கு முன்னால் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை மிதித்துச் சென்ற நாடுகளின் திருச்சபைகள், தங்கள் கிராமங்களைத் திரும்பக் கட்டி எழுப்பக்கூடிய ஊழியர்களுக்குப் பயிற்சி தரும்படி ஜப்பானியத் திருச்சபைகளிடம் கேட்டதன் விளைவாக, தோக்கியோவின் ஓரத்தில் மச்சிதாவைச் சேர்ந்த சுருகாவாவில் இருந்த கிராம ஊழிய இறையியல் கல்லூரியில் 1960-இல் தென்கிழக்கு ஆசியர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கியது. போர்க்காலக் குற்றத்துக்குக் கழுவாய் தேடும் மனநிலை அதன் அடியில் இருந்தது என்பதை நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் மறைப்பதில்லை. உதவி கேட்டவர்கள் முன்பு தாக்கப்பட்டவர்கள், உதவி செய்தவர்கள் முன்பு தாக்கியவர்கள். கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்ற வழக்கமான உறவு இங்கே தொடக்கத்திலேயே கோணலாகிவிட்டது. அது இந்தப் பயிற்சிக்கு வாய்த்த நல்ல கோணல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வகுப்பை நடத்தியவர்களில் ஒருவர் தொஷிஹிரோ தகாமி. 1926-இல் மஞ்சூரியாவில் பிறந்து, வறுமையின் காரணமாகச் சிறு வயதில் ஒரு ஜென் மடத்தில் விடப்பட்டு, போருக்குப் பின் கிறிஸ்தவராகி, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துப் போதகரானவர். 1970 நவம்பர் 12 அன்று அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கடற்கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு மறுவாழ்வுப் பணிக்குச் சென்றவர்களில் தகாமியும் இருந்தார். வெளியிலிருந்து அரிசியும் துணியும் ஆட்களும் வந்துசேர்ந்த அந்தக் கிராமங்களில், வந்ததை எப்படிப் பகிர்வது, இனி எதைப் பயிரிடுவது, யார் யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்று ஊராரை உட்காரவைத்துப் பேசக்கூடிய உள்ளூர் மனிதர்கள் போதுமான அளவில் இல்லை என்பது அவரை உறுத்தியது. வெளியாள் போய்விடுவார், உள்ளூர்க்காரர் இருப்பார். ஆகவே பயிற்சி உள்ளூர்க்காரருக்கு. இந்த எளிய கணக்கின்மேல்தான் 1973-இல் நிஷினசுனோ என்ற ஊரில் ஆசிய ஊரக நிறுவனம் தனியாகத் தொடங்கப்பட்டது. அந்த ஊர் 2005-இல் அண்டை ஊர்களோடு இணைந்து நசுஷியோபாரா நகரானது. தகாமிக்கு 1996-இல் பன்னாட்டுப் புரிந்துணர்வுக்கான ரமோன் மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் மறைந்தார்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நிறுவனம் இருக்கும் நசு சமவெளி மேலே பசுமையாகத் தெரிந்தாலும் கீழே கூழாங்கல். மலையிலிருந்து வரும் ஆறு நடுவழியில் மணலுக்குள் மறைந்துவிடும். 1885-இல் நசு கால்வாய் வெட்டப்பட்ட பிறகுதான் அங்கே குடியேற்றமும் பயிரும் நிலைபெற்றன. இன்று ஹொன்ஷு தீவில் பால் உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் பகுதி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்குத் தவித்த தரிசு. மானாவாரி நிலத்திலிருந்து வரும் ஒரு பங்கேற்பாளருக்கு இந்த வரலாறு வகுப்பறையில் சொல்லும் பாடத்தைவிட நம்பிக்கையாக இருக்கும்.

யார் வரலாம், யார் அனுப்ப வேண்டும்

இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் அதன் வயலையும் சமையலறையையும் வியந்து எழுதுகிறார்கள். என் கணிப்பில், அதன் முதுகெலும்பு விண்ணப்பப் படிவத்தில்தான் இருக்கிறது. தனிமனிதர் ஒருவர் தன் விருப்பத்தின் பேரில் இங்கே சேர முடியாது. ஒரு கிராமத்தில் அல்லது ஒரு வட்டாரத்தில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பு, அது விவசாயிகள் சங்கமாகவோ மகளிர் குழுக்களின் கூட்டமைப்பாகவோ திருச்சபையின் சமூகப் பணிப் பிரிவாகவோ சிறு தன்னார்வ நிறுவனமாகவோ இருக்கலாம், தன் ஊழியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். பயிற்சி முடிந்ததும் அவர் அதே மக்களிடம் திரும்பி வேலை செய்வார் என்று அந்த அமைப்பும் அவரும் உறுதி தர வேண்டும். ‘அனுப்பும் அமைப்பு’ என்ற இந்தச் சொல் நிறுவனத்தின் அன்றாடப் பேச்சில் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. ஆள் தேர்வு பாதிக்கு மேல் டோச்சிகியில் நடப்பதில்லை. அது நாகாலாந்தின் ஒரு மலைக்கிராமத்திலோ மலாவியின் ஒரு சோளக்காட்டு ஓரத்திலோ முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இதனால் விளையும் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சிறந்த தனிமனிதரைத் தேடும் நல்கைகள், பெரும்பாலும், தன்னைப் பற்றி நன்றாக எழுதத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்கின்றன. நேர்காணலில் தன் கதையைக் கோவையாகச் சொல்லும் திறனும் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியைப் பேசவைக்கும் திறனும் ஒன்றல்ல. அனுப்பும் அமைப்பு என்ற ஏற்பாடு இந்தப் பிழையை முழுவதும் நீக்காவிட்டாலும், விண்ணப்பதாரரை அவருடைய வேலையின் நடுவில் கண்டவர்களின் கையில் பொறுப்பைக் கொடுக்கிறது. வெளிநாட்டுப் பயிற்சிக்குச் சென்றவர் ஊர் திரும்பாமல் தலைநகரத்தின் பெரிய நிறுவனம் ஒன்றில் அமர்ந்துவிடும் கதை நம் நாட்டிலும் புதிதன்று. இங்கே, திரும்பிச் சென்றால் அவருக்காக ஒரு நாற்காலி, பெரும்பாலும் மர முக்காலி, காத்திருக்கிறது.

செலவு பற்றிச் சுருக்கமாக: பயணம், தங்குமிடம், உணவு, பயிற்சி ஆகியவற்றின் பெரும்பகுதியை ஜப்பானிலும் வெளிநாடுகளிலும் உள்ள ஆதரவாளர்களின் நன்கொடை தாங்குகிறது. ஐம்பது ஆண்டுகளில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் பயின்று வெளியேறியிருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் அவர்களுடைய நாடுகளின் பட்டியலில் உண்டு.

ஒன்பது மாதங்கள்

வருபவர்களை நிறுவனம் மாணவர்கள் என்று அழைப்பதில்லை, பங்கேற்பாளர்கள் என்றே அழைக்கிறது. சொல் சிறிதானாலும், பத்தாண்டு கிராம அனுபவத்தோடு வரும் நாற்பது வயதுக்காரரை மாணவர் என்று அழைப்பதிலுள்ள அபத்தத்தை அது தவிர்க்கிறது. பணியாளர்களும், அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் முதலான நாடுகளின் தன்னார்வலர்களும் அவர்களோடு அதே வளாகத்தில் வாழ்ந்து, அதே கூடத்தில் உண்டு, அதே கழிவறையைக் கழுவுகிறார்கள். பொதுமொழி ஆங்கிலம், ஆனால் அது பெரும்பாலோருக்கு மூன்றாம் அல்லது நான்காம் மொழி.

காலை ஆறரை மணிக்கு, 1928 முதல் ஜப்பானிய வானொலி ஒலிபரப்பிவரும் உடற்பயிற்சி இசைக்கு எல்லாரும் கை கால் அசைப்பதோடு நாள் தொடங்குகிறது. பிறகு துப்புரவு, பிறகு வயலும் கொட்டிலும். நிறுவனம் இந்த வேலைக்கு ‘ஃபுட்லைஃப்’ என்று ஒரே சொல்லாகப் பெயர் வைத்திருக்கிறது. உணவும் உயிரும் பிரிக்க முடியாதவை என்பதற்காக இரண்டு சொற்களை ஒட்டிய சொல் அது. ‘உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்று புறநானூற்றிலும் மணிமேகலையிலும் படித்த நமக்கு இந்த ஒட்டு புதிதாகத் தெரியாது. ஆனால் அதைக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையாகப் போட்டு, காலையும் மாலையும் தவறாமல் நடத்துவது வேறு காரியம். ஏறத்தாழ 6 ஹெக்டேர் நிலத்தில் நெல், கோதுமை, சோயா, காய்கறிகள் விளைகின்றன. பன்றி, கோழி, மீன் வளர்கின்றன. வளாகத்தில் உண்ணப்படும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேயே விளைந்தது என்பது நிறுவனம் பெருமையோடு சொல்லும் கணக்கு. ஏப்ரலில் வந்திறங்கும் குழு உண்ணும் சோறு, முந்தைய இலையுதிர் காலத்தில் முந்தைய குழு அறுத்த நெல்லிலிருந்து வருகிறது.

தொழில்நுட்பம் நம் ஊர் இயற்கை விவசாயிகளுக்கு அந்நியமாக இராது. அரிசித் தவிடு, கோழி எச்சம், உமிக்கரி, மண் ஆகியவற்றைக் கலந்து, ஈரம் பார்த்துக் குவித்து, சூடேறச் சூடேறக் கிளறி ஆறவைத்து, சில வாரங்களில் ஆக்கும் ‘பொகாஷி’ உரம். கீரைத் தண்டுகளையும் தழைகளையும் வெல்லத்தோடு நொதிக்கவைத்த சாறு. மீன் கழிவிலிருந்து எடுக்கும் கரைசல். காட்டு மண்ணிலிருந்து பிடித்து வளர்க்கும் நுண்ணுயிர்கள். தமிழ்நாட்டில் மீன் அமிலம் தயாரிப்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கொட்டகையின் வாசனையைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காண்பார். பன்றிக் கொட்டிலின் தரையில் மரத்தூளும் உமியும் மண்ணும் தடிமனாகப் பரப்பி நுண்ணுயிர் விட்டுவிடுவதால் சாணம் அங்கேயே மட்குகிறது, நாற்றம் அடங்குகிறது, பின்னர் அந்தத் தரையையே வெட்டி எடுத்து வயலுக்குப் போடுகிறார்கள். கடையில் வாங்க வேண்டிய பொருள் இல்லாததால், ஊர் திரும்பியவர் மறுவாரமே செய்துபார்க்க முடியும் என்பதுதான் இந்த முறைகளைத் தேர்ந்தெடுத்ததன் காரணம்.

இதுவரை சொன்னது ஒரு நல்ல வேளாண் பள்ளிக்கும் பொருந்தும். தலைமைப் பயிற்சி எங்கே வருகிறது என்றால், பொறுப்பு கைமாறும் முறையில் வருகிறது. பங்கேற்பாளர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தனக்கான வயலையும் கால்நடைப் பொறுப்பையும் ஏற்கிறது. குழுவின் தலைமை முறைவைத்து ஒவ்வொருவரிடமும் வருகிறது. முறை வந்தவர் களை எடுப்பதா, நீர் பாய்ச்சுவதா என்று முடிவு செய்கிறார், ஆள் பிரிக்கிறார், வராதவரைத் தேடிப்போகிறார். அவர் முறை முடிந்ததும் வேறொருவரின் சொல்லைக் கேட்டுக் குனிந்து நடுகிறார். சொந்த ஊரில் பத்துப் பேரை ஏவி வேலை வாங்கிப் பழகிய ஒரு போதகருக்கோ திட்ட மேலாளருக்கோ, இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் தரும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து கொட்டில் கழுவுவது, பணிவிடைத் தலைமையைப் பற்றிய, அதாவது பிறருக்குப் பணிசெய்வதே தலைமை என்னும் கருத்தைப் பற்றிய, பத்துச் சொற்பொழிவுகளுக்குச் சமம்.

இந்த இடத்தில் இந்திய வாசகர் ஒரு நொடி நிற்க வேண்டும். பன்றிக் கொட்டிலையும் கழிவறையையும் யார் சுத்தம் செய்வது என்ற கேள்வி ஜப்பானில் முறைப் பட்டியல் சார்ந்த கேள்வியாக இருக்கலாம். நம் நாட்டிலிருந்து செல்பவருக்கு அது சாதியைப் பற்றிய கேள்வி. சமூக மாற்றம் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசியவர், தன் கையால் அந்த வேலையைச் செய்யும்போது தன் உடம்பு சுருங்குவதைக் கவனித்தால், அவர் அறியாத ஒன்றை அறிந்துகொள்கிறார். இந்த விளைவு இந்தியர்களுக்காகத் திட்டமிடப்பட்டதன்று. ஆனால் பாடத்திட்டத்தில் இதைவிடக் கூர்மையான பகுதி வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

வகுப்பறையும் உண்டு: தலைமை, மக்கள் பங்கேற்பு முறைகள், இயற்கை வேளாண்மை, வளர்ச்சி பற்றிய விவாதங்கள். காலைக் கூடுகையில் ஒவ்வொரு நாளும் ஒருவர், பணியாளரோ பங்கேற்பாளரோ, தன் வாழ்க்கையிலிருந்தோ தன் சமயத்திலிருந்தோ ஒன்றைப் பகிர்கிறார். நிறுவனம் கிறிஸ்தவ அடித்தளத்தில் எழுந்ததானாலும் பிற சமயத்தவரும் வருகிறார்கள். ‘சேர்ந்து வாழ்வதற்காக’ என்பது நிறுவனத்தின் முழக்கம். முழக்கங்களை எளிதில் நம்புவதில்லை என்றாலும், பன்றி உண்ணாதவரும் மாடு உண்ணாதவரும் ஒரே சமையலறையில் முறைவைத்துச் சமைக்கும்போது இந்த முழக்கம் நாளுக்கு மூன்று முறை சோதிக்கப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பங்கேற்பாளர்களை அழைத்துச் செல்லும் பயணங்களில் குறிப்பிட வேண்டியது அஷியோ. அதே டோச்சிகி மாகாணத்தின் மலைப்பகுதியில் இருந்த அஷியோ செம்புச் சுரங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வதராசே ஆற்றை நஞ்சாக்கி, கீழ்மடை விவசாயிகளின் வயல்களைப் பாழாக்கியது. உருக்காலைப் புகை மலையை மொட்டையாக்கியது. அந்த விவசாயிகளுக்காக நாடாளுமன்றத்தில் ஆண்டுகள் பல குரல் கொடுத்த தனாகா ஷோசோ, பதவியை விட்டு விலகி, 1901 டிசம்பரில் மெய்ஜி பேரரசரின் வண்டியை மறித்து மனு கொடுக்க முயன்றார். 1907-இல் யனாகா கிராமம் வெள்ளத் தேக்கத்துக்காக இடித்துத் தள்ளப்பட்டபோதும் அவர் ஊராரோடு இருந்தார்; 1913-இல் இறந்தார். சுரங்கம் மூடப்பட்டது 1973-இல், நிறுவனம் தொடங்கிய அதே ஆண்டில். வளர்ந்த நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணி வந்தவருக்கு, அந்த வளர்ச்சியின் ரசீதை அந்த மொட்டை மலை காட்டுகிறது. கானாவிலோ ஜார்க்கண்டிலோ சுரங்கம் வரவிருக்கும் ஊரிலிருந்து வந்தவருக்கு அது வரலாற்றுச் சுற்றுலாவாக இருக்காது.

2011: நிலமே சந்தேகத்துக்குரியதானபோது

ஒரு பயிற்சியின் அடிக்கருத்து உறுதியானதா என்பதை அது நன்றாக நடக்கும் ஆண்டுகளில் அறிய முடியாது. 2011 மார்ச் 11 அன்று வந்த 9.0 அளவிலான நிலநடுக்கம் நிறுவனத்தின் கட்டடங்களை இடிந்துவிழும் நிலைக்குக் கொண்டுவந்தது. முதன்மைக் கட்டடம் உட்படச் சிலவற்றை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய அடி சில நாள்களில் வந்தது. அந்த நிலநடுக்கத்தைத் தொடர்ந்து விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா தாய்-இச்சி அணுமின் நிலையத்திலிருந்து நசுஷியோபாரா ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அரசு மக்களை வெளியேற்றிய எல்லைக்கு அது வெகு வெளியே. ஆனால் காற்றும் மழையும் வட்டத்தைப் பார்த்து வீசுவதில்லை. வடக்கு டோச்சிகியில் கதிரியக்கச் சீசியம் படிந்தது. நசுஷியோபாரா நகரம் பின்னர் மாசு ஆய்வுக்கு அரசு குறித்த நகராட்சிகளில் ஒன்றானது. அப்பகுதியின் புல்லிலும் இலை மட்கிலும் கதிரியக்கம் கண்டறியப்பட்டது.

ஏப்ரலில் புதிய குழு வர வேண்டும். நிறுவனம் அந்த ஆண்டுப் பயிற்சியின் தொடக்கப் பகுதியை, தான் பிறந்த இடமான சுருகாவாவுக்கு மாற்றிக்கொண்டது. பிறகு குழு நசுவுக்குத் திரும்பியது. திரும்பியதுதான் கடினமான முடிவு. மண்ணையும் உணவையும் உயிரையும் ஒன்று என்று முப்பத்தெட்டு ஆண்டுகள் கற்பித்த இடத்தில், அந்த மூன்றையும் ஒன்றாக்கும் அதே சுழற்சி இப்போது ஆபத்தின் வழியாகிவிட்டது. வெளியிலிருந்து எதையும் வாங்காமல், காட்டு இலையை உரமாக்கி, உரத்தை வயலுக்கிட்டு, வயலின் தவிட்டைக் கோழிக்கும் உரத்துக்கும் திருப்பும் மூடிய சுழற்சியில், சீசியம் நுழைந்துவிட்டால் அதுவும் சுற்றிச்சுற்றி வரும். அரிசியைத் தீட்டினால் சீசியத்தின் பெரும்பங்கு தவிட்டோடு போகிறது. அந்தத் தவிடுதான் பொகாஷியின் முதல் பொருள். ரசாயன உரத்தை மூட்டையில் வாங்கிப் போடும் பக்கத்து விவசாயிக்கு இல்லாத சிக்கல், கொள்கைப்படி வாழ்ந்தவர்களுக்கு வந்தது.

நிறுவனம் செய்தது, அளப்பது. வட்டாரத்தின் குடிமக்கள் குழு ஒன்றோடு சேர்ந்து 2012-இல் வளாகத்திலேயே கதிரியக்க அளவீட்டு நிலையம் ஒன்றை அமைத்து, தன் விளைபொருளை மட்டுமின்றி அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் காய்கறி, அரிசி, காளான், மண் ஆகியவற்றையும் தன்னார்வலர்களைக் கொண்டு அளக்கத் தொடங்கியது. அரசின் தற்காலிக வரம்பு உணவுப் பொருளுக்குக் கிலோவுக்கு 500 பெக்கரலாக (கதிரியக்கத்தின் அலகு) இருந்து, 2012 ஏப்ரலில் பொதுவான உணவுகளுக்கு 100 பெக்கரலாகக் குறைக்கப்பட்டது. ஆனால் தன் தோட்டத்து முள்ளங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று அறியாத குடும்பத்துக்கு எந்த வரம்பும் வெறும் எண்தான். அறிவு யாரிடம் இருக்கிறதோ முடிவும் அவரிடம் போய்விடும் என்று வகுப்பறையில் சொல்லிவந்தவர்கள், அளவுகோலைத் தங்கள் கையிலும் அண்டை வீட்டார் கையிலும் கொடுத்தார்கள். மலாவியிலிருந்தோ மியான்மரிலிருந்தோ வந்த பங்கேற்பாளர், பணக்கார நாடு ஒன்றின் கிராமத்தார் தங்கள் அரசின் வாக்குறுதியை நம்பாமல் ஒரு பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்த்தார். உதவி எந்தத் திசையில் ஓடுகிறது என்ற கேள்வி 1960-க்குப் பிறகு இரண்டாம் முறையாகக் குழம்பியது.

சீசியம்-134 இரண்டு ஆண்டுகளில் பாதியாகும், சீசியம்-137 பாதியாக முப்பது ஆண்டுகள் ஆகும். வயல் மண்ணின் களிமண் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதாலும், பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் பயிர் சீசியத்தைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதாலும் நெல்லிலும் காய்கறியிலும் அளவு விரைவாகக் குறைந்தது. காட்டில் அப்படி நடக்கவில்லை. காளானும் மூங்கில் குருத்தும் காட்டு விலங்கின் இறைச்சியும் நீண்ட காலம் கவலைக்குரியவையாகவே இருந்தன. காடும் வயலும் ஒரே குடும்பம் என்று கற்பித்த பள்ளிக்கு இது இன்னும் ஆறாத இடம்.

எங்கே தடுமாறுகிறது

பாராட்டுக்குரிய இந்தப் பயிற்சியின் குறைகளில் முதலாவது, மொழி. ஒன்பது மாதங்கள் ஆங்கிலத்தில் கேட்டு, பேசி, இறுதியில் தன் திட்டத்தை ஆங்கிலத்தில் முன்வைக்க வேண்டும் என்றால், அடித்தளம் என்ற சொல் ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. தன் ஊரில் நூறு பெண்களை ஒன்றுசேர்த்த, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒருவர் வர முடியாது. அவருக்கு அறிக்கை எழுதித் தருகிற, கல்லூரி வரை சென்ற இளைஞர் வருகிறார். பல நாட்டவர் சேர்ந்து வாழும் இடத்துக்குப் பொதுமொழி வேண்டும் என்பது உண்மை. அந்த உண்மையின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதும் உண்மை.

இரண்டாவது, ஒன்பது மாதம் என்ற கால அளவு. நடவு முதல் அறுவடை வரை ஒரு முழுச் சுழற்சியைக் காண அது தேவை. பழைய பழக்கம் உதிர்வதற்கும் மூன்று வாரப் பயிலரங்கு போதாது. ஆனால் கைக்குழந்தை உள்ள பெண்ணும், நிலத்தைக் குத்தகைக்கு விட முடியாத சிறு விவசாயியும் ஒன்பது மாதம் வீட்டைவிட்டு வர முடியாது. பெண்களைத் தேடி எடுக்க நிறுவனம் விரும்பினாலும், வீட்டை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு டோச்சிகியில் பதில் இல்லை.

மூன்றாவது, வழி. பயிற்சி பற்றிய செய்தி பெரும்பாலும் திருச்சபைகளின் தொடர்புகள் வழியே பரவுகிறது. இந்தியாவின் வடகிழக்கு மலை மாநிலங்களிலிருந்து தொடர்ந்து ஆட்கள் வந்திருப்பதற்கு இந்தத் தொடர்பு ஒரு காரணம். தொடர்புக்கு வெளியே நிற்கும் தலித் விவசாயத் தொழிலாளர் சங்கமோ மீனவர் கூட்டுறவோ இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதையே அறியாமல் போகலாம்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது. மேலே நான் பலம் என்று சொன்ன ‘அனுப்பும் அமைப்பு’ ஏற்பாடே திரும்பியவரின் தளையாகவும் ஆகலாம். கொட்டில் கழுவி, முறைவைத்துத் தலைமை ஏற்று, எல்லாரையும் பேசவைக்கும் பழக்கத்தோடு ஒருவர் ஊர் திரும்புகிறார். அவரை அனுப்பிய தலைவர் மாறவில்லை; அவர் இன்னும் கூட்டத்தில் முதலில் பேசி, கடைசியில் பேசி, இடையிலும் பேசுகிறார். திரும்பியவர் இளையவராக, பெண்ணாக, அமைப்பில் கடைநிலையில் இருப்பவராக இருந்தால், அவர் கொண்டுவந்த உர முறைக்கு வரவேற்பு கிடைக்கும். கொண்டுவந்த தலைமை முறைக்குக் கிடைக்காது. உரத்தைக் கற்றவர்கள் எத்தனை பேர், அமைப்பின் முடிவெடுக்கும் பழக்கத்தை மாற்றியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தப் பயிற்சியின் உண்மையான பயனை எடைபோட முடியும். முதல் வகையை வயலில் பார்த்து எண்ணிவிடலாம். இரண்டாவதற்கு, அந்த ஊரின் மாதக் கூட்டத்தில் பல முறை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக நிறுவனத்துக்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே அமைப்பிலிருந்து சில ஆண்டு இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது ஆளை எடுப்பது. முடிந்தால் அனுப்பும் அமைப்பின் தலைவரையே சில வாரங்களுக்கு அழைத்து, தன் ஊழியரின் குழுவில் அவர் முறைக்குக் காத்திருக்கவைப்பது. எண்ணிக்கையில் புதிய ஊர்கள் குறையும். நன்கொடையாளருக்குக் காட்டும் உலக வரைபடத்தில் புள்ளிகள் குறையும். ஆனால் ஓர் ஊரில் மூன்று பேர் ஒரே பழக்கத்தோடு இருந்தால், மாதக் கூட்டத்தில் தலைவரின் பேச்சை இடைமறிக்க ஒருவருக்கு மற்ற இருவர் துணை இருப்பார்கள்.